சொந்தமாகக் கட்டிய விமானம்: முதலில் எரிபொருளை அளந்து பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். ஆர்வி-7ஏ என்ற இரண்டு இருக்கை விமானத்தின் கிட் (நாமே பூட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்பு) வாங்கி, கிட்டத்தட்ட கட்டி முடித்துவிட்டேன். கார்புரேட்டர் வைத்த 160 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின், புதியது. எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) ஆய்வு முடிந்ததும் ரன்வேயில் நாலைந்து முறை வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, கட்ட உதவிய நண்பருடன் பறக்கலாம் என்றிருக்கிறேன். சரியாக இருக்குமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

நண்பர் விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது. சோதனைக் கட்டத்தில், அதாவது புது விமானம் பறக்கும் முதல் சில பத்து மணி நேரத்தில், அதை இயக்கத் தேவையானவர் மட்டுமே உள்ளே இருக்கலாம். ஆர்வி-7ஏ-வுக்கு ஒரு பைலட் போதும். ஒரே விலக்கு, எஃப்ஏஏ 2014-இல் கொண்டுவந்த கூடுதல் பைலட் திட்டம். அதில் வரும் இரண்டாமவருக்கு அனுபவத் தகுதிகள் உண்டு. கட்ட உதவினார் என்பது மட்டும் போதாது.

அடுத்தது, ரன்வேயில் வேகமாக ஓட்டுவது. மெதுவாக ஓட்டி பிரேக், ஸ்டியரிங் பாருங்கள், அது அவசியம். ஆனால் கிட்டத்தட்ட பறக்கும் வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடினால் பிரேக் கொதிக்கும், நினைக்காத நேரத்தில் விமானம் மேலே எழும்பிவிடும். புது எஞ்சினுக்கும் நல்லதல்ல. சிலிண்டரில் பிஸ்டன் ரிங்குகள் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள்) சரியாகப் படிய, நல்ல காற்றோட்டத்தில் 75 சதவீத சக்தியோ அதற்கு மேலோ ஓட வேண்டும். தரையில் நெடுநேரம் உறுமவிட்டால் சிலிண்டர் சுவர் வழுவழுப்பாகி, எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும்.

அந்த நேரத்தை எரிபொருள் சோதனைக்குக் கொடுங்கள். சொந்தமாகக் கட்டிய விமானங்களின் விபத்துகளில் எஞ்சின் சக்தி இழப்புக்குப் பெரிய பங்கு உண்டு. எஞ்சினில் குறையே இல்லாமல், எரிபொருள் போய்ச் சேராததாலும் அது நிற்கும். பம்ப் வைத்த அமைப்பு, டேக்-ஆஃபில் எஞ்சின் குடிப்பதில் 125 சதவீதம் தர வேண்டும். உங்கள் எஞ்சின் முழு சக்தியில் மணிக்குச் சுமார் 15 கேலன் குடிக்கும். அப்படியானால் மணிக்கு 19 கேலன் அளவுக்கு வர வேண்டும்.

விமானத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, எர்த் வயர் மாட்டுங்கள். அதிகபட்சக் கோணத்தில் ஏறும்போது மூக்கு எவ்வளவு தூக்கியிருக்குமோ, அதைவிட 5 டிகிரி கூடுதலாகத் தூக்கி நிறுத்துங்கள். கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி, மின் பம்பைப் போட்டு, கேனில் பிடியுங்கள். 5 கேலன் 16 நிமிடத்துக்குள் விழ வேண்டும். இரண்டு டேங்குக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஓட்டம் தானாக நிற்கும்வரை விட்டால், டேங்கில் மிஞ்சுவதுதான் பயன்படாத எரிபொருள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். டேங்கைக் கசியாமல் ஒட்டிய சீலன்ட் பசையின் துணுக்கும் அலுமினியத் துகளும் அங்கேதான் வந்து நிற்கும். டேங்கின் காற்றுப்போக்கிக் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கட்டும் வருடங்களில் பலர் பறப்பதையே விட்டுவிடுகிறார்கள். முதல் பறத்தலுக்கு முந்தைய வாரங்களில், இதே ரக ஆர்வி-யில், அதை நன்கு அறிந்த பயிற்சியாளருடன் பறந்துவிட்டு வாருங்கள். கை பழகவில்லை என்று தோன்றினால் முதல் பறத்தலை அனுபவசாலி ஒருவரிடம் கொடுங்கள். அதில் உங்களுக்கு எந்தக் குறைவும் இல்லை.

முதல் நாள் வேலை சின்னதுதான். எஞ்சின் நின்றாலும் சறுக்கி வந்து இறங்கும் தூரத்தில், விமான நிலையத்துக்கு மேலேயே வட்டமிடுங்கள். எண்ணெய் அழுத்தம், சிலிண்டர் வெப்பம் பாருங்கள். நல்ல உயரத்தில் இறங்கும் வேகத்துக்குக் குறைத்து, கட்டுப்பாடு எப்படி இருக்கிறது என்று உணருங்கள். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) சோதனையெல்லாம் பிறகு. டேக்-ஆஃபில் தாழ்வாக இருக்கும்போது சக்தி போனால் திரும்ப முயலாமல், மூக்கைத் தாழ்த்தி நேர் எதிரே இறங்குங்கள்.

இறங்கியதும் எஞ்சின் மூடியைக் கழற்றி, கசிவு இருக்கிறதா, எக்ஸாஸ்ட் எங்காவது உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பறத்தல். சோதனைக் கட்டம் வழக்கமாக 40 மணி நேரம். எஞ்சினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடியானால் 25. உங்களுக்கு எத்தனை என்பது விமானத்தோடு தரப்படும் இயக்க வரம்பு ஆவணத்தில் இருக்கும்.