பதில்: மட்டக்களப்பு வெயிலுக்கு எந்த ஒட்சியேற்றி?

தம்பி, ரொக்கெட்டில் கிளம்பி பிறகு ராம்ஜெட்டில் பறக்கும் வாகனத்துக்கு, எரிபொருள் எரிய ஒட்சிசன் கொடுக்கும் ஒட்சியேற்றியாகத் திரவ ஒட்சிசனா, நைட்ரஸ் ஒக்சைட்டா, ஹைட்ரஜன் பெரொக்சைட்டா என்று கேட்டிருந்தீர்கள்.

ராம்ஜெட் காற்றிலுள்ள ஒட்சிசனையே எடுத்துக்கொள்ளும். ஆனால் நின்ற இடத்தில் அது உந்தாது, வேகம் வந்தபிறகுதான். ஆகவே நீங்கள் ஒட்சியேற்றியைச் சுமக்கவேண்டியது ரொக்கெட்டில் கிளம்பும் முதற்கட்டத்துக்கு மட்டும்.

திரவ ஒட்சிசன் –183 பாகையில் கொதிக்கும். சிறிய தாங்கியில் அதைக் குளிராக வைத்திருப்பதே பெரிய வேலை, விட்டுவிடுங்கள்.

நைட்ரஸ்தான் உங்கள் அளவுக்குப் பொருந்தும். 2004இல் ஸ்பேஸ்ஷிப்வன் என்ற தனியார் விண்கலம் பறந்ததும் இதையும் ரப்பர் எரிபொருளையும் வைத்துத்தான். 20 பாகையில் தன் ஆவியமுக்கத்தாலேயே ஏறத்தாழ 50 பார் அமுக்கம் தரும், பம்ப் தேவையில்லை. ஆனால் அதன் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்குமேல் திரவமாக இருக்கமுடியாத எல்லை, 36.4 பாகை. கல்லடிக் கடற்கரையில் சித்திரை வெயிலில் கிடக்கும் உலோகத் தாங்கி அதைச் சுலபமாகத் தாண்டும். தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்று இராது; அடர்த்தி விழும், அமுக்கம் ஏறும், ஒட்சியேற்றியை எரியறைக்குள் விடும் உட்செலுத்தியின் கணக்கு முழுவதும் பிழையாகும். வெளிநாட்டு அட்டவணைகளின் 20 பாகையை அப்படியே போடாமல், 30க்கும் 35க்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

செறிந்த பெரொக்சைட் துருவோ அழுக்கோ பட்டால் சிதையும், அது வேண்டாம். நைட்ரஸும் சாதுவல்ல: 2007இல் அமெரிக்காவின் மொஹாவியில் எரிபொருளே இல்லாத ஓட்டச் சோதனையில் வெடித்து மூவர் இறந்தார்கள். இப்போதைக்கு வடிவமைப்பும் கணிப்பும் கடதாசியில் இருக்கட்டும். அனுமதியும் அனுபவமுள்ள மேற்பார்வையும் இல்லாமல் சிலிண்டரைத் தொடவே வேண்டாம்.

தாங்கியின் கனவளவை எழுதுங்கள், 35 பாகைக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.