நாடகத்தில் வகுப்பு, வகுப்பில் நாடகம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பயிற்சிப் பாடம் எழுதித் தரும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் கோபி பக்கம். பொங்கலுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போடும் நாடகத்தை வருஷா வருஷம் நான்தான் எழுதுகிறேன். ஆபீஸில் “பாடம் கேட்டா நாடகம் எழுதித் தர்றீங்க” என்கிறார்கள். ஊரில் “நாடகம்னு கூப்புட்டுப்போட்டு கிளாஸ் எடுக்கறயே அம்மிணி” என்கிறார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருக்கிறது. எதை விடுவது? முதியோர் கல்வியில் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் சேரலாமா என்றும் ஒரு யோசனை. இரண்டு பிரதிகளை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள அம்மிணி,

இரண்டு தரப்பும் சரியாகத்தான் சொல்கிறார்கள். நீங்கள் அனுப்பிய இரண்டிலும் விஷயம் ஒன்றுதான், சூப்பர்வைசரின் தொல்லை. நாடகத்தில் ஓவர்லாக் தைக்கும் பெண் கடைசிக் காட்சியில் மேடை முன்னால் வந்து 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தை ஒப்பிக்கிறாள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், இப்படி. அதுவரை கொங்குத் தமிழ் பேசியவள் திடீரென்று அரசாணைத் தமிழுக்கு மாறுகிறாள். ஊர்க்காரர்கள் அங்கேதான் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஓடும் பயிற்சிப் பாடத்திலோ நல்ல கதை, நல்ல வசனம். ஆனால் படிப்பவருக்கு ‘அடுத்து’ பட்டனை அழுத்துவதைத் தவிர ஒரு வேலையும் இல்லை.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1973-இல் பெரு நாட்டில் ஓர் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தார். அவருடைய ஃபோரம் தியேட்டர் அங்கே உருவானதுதான். பிரச்சினை முற்றும் இடம் வரை காட்சியை நடித்துக் காட்டி, அதையே மறுபடி தொடங்குவார்கள். பார்ப்பவர் யாராவது “நிறுத்து” என்று சொல்லி மேலே வந்து, மாட்டிக்கொண்டவளின் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். நடுவில் ஒருவர், நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் மாதிரி, இரண்டு பக்கமும் பேசி நடத்துவார்.

உங்கள் பாடத்தையும் எல்லாரும் கூடி உட்காரும் வகுப்பாக அப்படித் திருப்பிப் பாருங்கள். “எல்லாரும் கெளம்புங்க, நீ மட்டும் ஓவர்டைம் இரு” என்று சூப்பர்வைசர் சொல்லும் இடத்தில் கதையை வெட்டுங்கள். இப்போது நீ என்ன செய்வாய்? ஒருத்தி, தையலுக்கு உதவி ஆளாக இருக்கும் கைமடி அக்காவிடம் சொல்வேன் என்பாள். இன்னொருத்தி வேலையை விட்டுவிடுவேன் என்பாள். சொன்ன பிறகு அக்கா என்ன செய்வாள், யாரிடம் போவாள் என்று கேட்டுக்கொண்டே போனால், புகார்க் குழுவும் மூன்று மாதக் கெடுவும் அவர்களே கேட்டு வாங்கும் தகவல் ஆகிவிடும். எதற்காகக் கற்கிறோம் என்று தெரிந்தால்தான் பெரியவர்கள் கற்பார்கள் என்று அமெரிக்க முதியோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் எழுதியது இதைத்தான். ஒரே ஓர் எச்சரிக்கை: அந்த லைன் சூப்பர்வைசரை அறைக்குள் உட்கார வைக்காதீர்கள். எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் இருந்தால் வசனத்தைக் குறைத்து நடிப்பைக் கூட்டுங்கள்.

நாடகத்தில் அந்தக் கடைசிக் காட்சியை அப்படியே எடுத்துவிடுங்கள். அவள் வேலைக்குப் போகிறாளா இல்லையா என்று ஊர் இரண்டு நாள் பேசட்டும்.

1990-களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்துக்குப் பாட்டும் வீதி நாடகமும் எழுதினேன். ஆளைக் கூட்டியது நாடகம். ‘அ’ எழுத வைத்தது, இரவு வகுப்பில் சம்பளம் வாங்காத தொண்டர் பிடித்துக்கொடுத்த கை. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யவில்லை.

பாடம் வடிவமைக்க மாதிரி வேண்டுமென்றால் வெளியே போக வேண்டாம், உங்கள் பக்கத்து வள்ளி கும்மி ஆட்டம் பழக்குவதைப் பாருங்கள். ஆசிரியர் கோயில் மைதானத்தில் ராத்திரி வேலை முடிந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்வார். பள்ளிக்கூடப் பிள்ளை, அவளுடைய ஆத்தா, அப்பத்தா எல்லாரும் ஒரே வட்டம். நோட்டும் இல்லை, பரீட்சையும் இல்லை. முதல் நாளே கால் நகர வேண்டும். தடுமாறுபவளைத் தெரிந்தவளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார். அரங்கேற்றத் தேதி முன்னால் இருப்பதால் யாரும் மட்டம் போடுவதில்லை. கம்பெனிகளில் பணம் கொட்டிச் செய்யும் பல பயிற்சிகளில் இதில் பாதி கூட இல்லை.

எதை விடுவது என்று கேட்டீர்கள். எதையும் விட வேண்டாம். சோறு போடுவது பயிற்சி வேலை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நாடகத்தைப் பொழுதுபோக்கு என்ற தலைப்பில் போடாதீர்கள். திருத்தி எழுதிய அந்த ஓவர்டைம் காட்சியையே மாதிரியாக இணையுங்கள்.

சான்றிதழ்ப் படிப்பு? கம்பெனி கட்டணம் கட்டினால் சேருங்கள். கைக்காசு போடுவதாக இருந்தால் இந்தப் பொங்கல் நாடகம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.