பழைய டிரையல்ஸ் பைக்: இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்

பாறையிலும் ஓடையிலும் காலை ஊன்றாமல் ஏறி இறங்கும் போட்டிக்கென்றே செய்த வண்டி டிரையல்ஸ் பைக். எடை எழுபது கிலோ சொச்சம்தான், உட்கார சீட் என்று ஒன்று கிடையாது. பிரிட்டனில் பழைய வண்டி வாங்கியவர்கள் கேட்ட நான்கு கேள்விகள் இங்கே.

கேள்வி: 2013 பீட்டா எவோ 250 வாங்கினேன். காலையில் கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போட்டதும் வண்டி முன்னே தாவி அணைந்துவிடுகிறது. விற்றவரிடம் கேட்டால் கிளட்ச் செட் மாற்றுங்கள் என்கிறார்.

பணத்தை இப்போதே இறக்காதீர்கள். எவோவில் இது பழகிப்போன தொல்லை, புது வண்டியிலும் உண்டு. பிளேட்டில் உராய்வுப் பட்டைகளை ஒட்டிய பசை, பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் பிதுங்கி உறைந்து கிடக்கும். எண்ணெய் ஓட வழி இல்லாததால், ராத்திரி நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முதலில் செலவில்லாத சோதனை. இன்ஜினை அணைத்து, இரண்டாவது கியரில் கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று விட்டு, அதன்பின் நாள் முழுக்க ஒழுங்காக ஓடினால் பசைதான் காரணம். சூடான பிறகும் இழுத்தால் ஹைட்ராலிக் குழாயில் காற்று இருக்கலாம், அல்லது கியர் ஆயில் கெட்டியாக இருக்கலாம். பலர் இதில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய ஆயில்) ஊற்றி ஓட்டுவது இந்தக் காரணத்துக்காகத்தான்.

பசையை எடுப்பது ஒரு மதிய வேலை. பெட்ரோல் டேப்பை மூடி, கிளட்ச் மூடி மேலே வரும்படி வண்டியைப் படுக்க வையுங்கள். ஆயிலை வடிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகள் வெளிவரும் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பள்ளங்களில் உள்ள பசையைக் கூர்மையான கத்தி முனையால் சுரண்டுங்கள். பட்டையின் முகத்தில் கீறல் விழக் கூடாது. எஃகு பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பார்த்தால் வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிளேட் காதுகள் உட்காரும் கூடையின் விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் மெல்லிய அரத்தால் சமன் செய்யுங்கள். பிளேட்டுகளை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறவைத்து மாட்டுங்கள். முடுக்கும்போது கை அடக்கம் வேண்டும், அலுமினிய மரை சீக்கிரம் போய்விடும்.

கிளட்ச் லீவருக்கு எண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் முதலில் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சிலவற்றுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் 4 பிரேக் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

கேள்வி: வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. பிஸ்டன் போய்விட்டதா?

பிஸ்டன் மேல் பழி போடுமுன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து, புகையில் இனிப்பு வாடை அடித்தால் ஹெட் ஓரிங், அதாவது சிலிண்டர் ஹெட்டை அடைக்கும் ரப்பர் வளையம். கியர் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் வாட்டர் பம்ப் சீல். தண்ணீர் புகுந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குகளும் போகும்.

இரண்டும் இல்லை, கியர் ஆயில் மட்டும் குறைகிறது என்றால் கிராங்கின், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டின், கிளட்ச் பக்கச் சீல். அது தேய்ந்தால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். ஐடிலில் ஓடும்போது கியர்பாக்ஸ் மூச்சுக் குழாயின் நுனியை விரலால் மூடுங்கள். விரலை உள்ளே இழுத்தால் சந்தேகம் உறுதி. இதற்குக் கிளட்ச்சைக் கழற்ற வேண்டும். மறுபக்கம், ஃப்ளைவீல் ஓரச் சீல் போனால் புகை வராது. அங்கே காற்று புகுவதால் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் தொங்கும். அப்படியே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் நிஜமாகவே போகும். அதை மாற்ற ஃப்ளைவீலை இழுத்தெடுக்க அந்த மாடலுக்குரிய புல்லர் வேண்டும், சுத்தியல் வேண்டாம்.

சைலன்சர் இணைப்பில் கறுப்பாக ஒழுகுகிறது, அவ்வளவுதான் என்றால் பெரும்பாலும் பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கூடுதல். மெதுவாகவே ஓடும் வண்டிக்கு 5 லிட்டர் பெட்ரோலில் 65 முதல் 70 மில்லி போதும். பழைய பழக்கத்தில் 100 மில்லி ஊற்றுகிறவர்கள்தான் சைலன்சர் பஞ்சை ஊறவைக்கிறார்கள்.

கேள்வி: சோக் போட்டால்தான் ஓடுகிறது, விட்டால் அணைந்துவிடுகிறது.

பைலட் ஜெட் அடைப்பு. ஐடிலில் பெட்ரோல் விடும் சின்னத் துளை அது. போட்டி வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அதிலுள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை கிளீனர் ஸ்பிரேயாலும் காற்றாலும் ஊதுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகும், பிறகு புது ஜெட்தான். இனி இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகி வண்டி தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

கேள்வி: இத்தனை கோளாறு இருக்கிறதே, திருப்பிக் கொடுக்க முடியுமா?

யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழைய வண்டியானாலும், கோளாறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதன் வயதுக்குரிய தேய்மானம் கோளாறாகாது. தனி ஆளிடம் வாங்கியிருந்தால், விளம்பரத்தில் சொன்னபடி வண்டி இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'கிராங்க் சீல் புதிது' என்று எழுதியிருந்து அது பொய்யானால் பிடி கிடைக்கும். எதுவும் எழுதாமல் விற்றிருந்தால் கஷ்டம். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

இன்னொன்று. பல டிரையல்ஸ் வண்டிகள் சாலைக்குப் பதிவே ஆகாதவை, எனவே வி5சி (வண்டியின் பதிவுக் காகிதம்) இல்லை என்பதே சந்தேகத்துக்குரியது ஆகாது. அந்தக் காகிதம் இருந்தாலும் அது உரிமைச் சான்றும் அல்ல. ஆனால் சேஸிஸ் எண்ணைச் சுரண்டியோ மேலே புதிதாகப் பெயின்ட் அடித்தோ இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கை வைக்காதீர்கள்.