நுகர்வோர் கேள்வி-பதில்: பூச்சு பூசுவதற்கு முன்னர்

கேள்வி: வீட்டைத் திருத்திக் கட்டுகிறோம். கனடாவிலுள்ள மைத்துனர் அங்கிருந்து பத்து ஸ்மார்ட் சுவிட்சுகள் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
– கண்டி வாசகர்

பதில்: வேண்டாம். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. மைத்துனரின் அன்பு வீணாகாமலிருக்க சொக்லேட் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய கருங்கல் வீடு. வயரிங் முழுவதையும் புதிதாகச் செய்கிறோம். விளக்குகளைக் கைத்தொலைபேசியில் இயக்குவதற்கு வைஃபை, குறுந்தூர ரேடியோ முறையான ஸிக்பீ, தனிக் கேபிள் இழுக்கும் கே.என்.எக்ஸ். என்று மூன்று விதமாக விலை தந்திருக்கிறார்கள். மகன் வைஃபை போதும் என்கிறார். மொத்தம் 14 சுவிட்சுகள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்டாரவளை

பதில்: டீச்சர், மூன்றில் எது என்று முடிவு செய்வதற்கு முன்னர் வயரிங் பாஸிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், வருகிறதா? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் வராது. சாதாரண சுவிட்சுக்கு லைவ் வயர் ஒன்றும், அங்கிருந்து விளக்குக்குப் போகும் வயர் ஒன்றும் போதுமென்பதால் நியூட்ரலைக் கூரையோடேயே விட்டுவிடுவார்கள். ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியல்ல. விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் உள்ளே இருக்கும் ரேடியோ விழித்திருக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் என்று விற்கப்படுபவை அந்த மின்சாரத்தை விளக்கின் வழியாகவே கசியவிட்டு எடுத்துக்கொள்கின்றன. ஐந்து வாட் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றை மாட்டிப் பாருங்கள், அணைத்த பிறகும் இருட்டில் மங்கலாக எரியும், அல்லது கண்ணடிக்கும். அதற்கு ஒரு கப்பாசிட்டரைப் பொருத்தச் சொல்வார்கள். அது ஒட்டுப்போடும் வேலை.

சுவர் திறந்திருக்கும் இந்த ஒரு மாதத்தில் அந்த வயரை இழுப்பதற்கு ஆகும் செலவு, பூச்சும் பெயின்டும் முடிந்த பிறகு கருங்கல்லைக் குடைவதற்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. இருந்தும் "இப்போது எதற்கு, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் பாஸ்மார்களையும், அதற்குத் தலையாட்டும் வீட்டுக்காரர்களையும் பல வருடங்களாகப் பார்த்துச் சலித்துவிட்டேன். இழுக்கும் நியூட்ரல் அதே சர்க்கியூட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். பக்கத்து அறையில் இரவல் வாங்கினால் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழலாம். சுவிட்ச் பெட்டிகளையும் 47 மில்லிமீற்றர் ஆழத்தில் போடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கே.என்.எக்ஸ். நல்ல முறைதான், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் பழுதுபார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டுமென்றால் வான் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வைஃபைக்கு உங்கள் வீட்டுச் சுவர்களே எதிரி. இணைய இணைப்போடு தந்த சிறிய ரவுட்டர், இரண்டு கருங்கல் சுவர்களைத் தாண்டி 14 சுவிட்சுகளையும் வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகளையும் சமாளிக்குமென்று மகன் நம்புகிறார், நான் நம்பவில்லை. நான் ஸிக்பீயைத் தெரிவுசெய்வேன். மெயின் மின்சாரத்தில் நிரந்தரமாக இயங்கும் கருவிகள் ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்குக் கடத்துவதால், தூர அறையையும் எட்டிவிடலாம். அதிலும், சாதாரண சுவிட்சுக்குப் பின்னால் பெட்டிக்குள் மறைத்து வைக்கும் ரிலே வகையை வாங்குங்கள். கைத்தொலைபேசி இல்லாத விருந்தாளியும் சுவரைத் தட்டினால் விளக்கு எரியும்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டருக்கு வரும் இணைய வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எரியாவிட்டால், அது எங்கோ இருக்கும் கம்பனியின் சேர்வரை (இணையக் கணினியை) நம்பி இயங்குகிறது; வெளியே வந்துவிடுங்கள். அமெரிக்காவில் இன்ஸ்டியோன் என்ற நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவித்தல் இல்லாமல் தன் சேர்வர்களை நிறுத்தியபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களின் கருவிகள் ஒரே நாளில் பாதி ஊமையாகின. மெயின் போர்டில் ஒரு சேர்ஜ் புரொடெக்டரும் போடுங்கள். ஒக்டோபர் இடியைப் பற்றி பண்டாரவளைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இணையத் தள்ளுபடியில் 22 ஸ்மார்ட் பல்புகள் வாங்கிவிட்டேன். எல்லாம் ஸ்க்ரூ டைப். வீட்டிலுள்ள ஹோல்டர்கள் எல்லாம் பின் டைப். திருப்பி எடுக்கமாட்டார்களாம்.
– நுவரெலியா

பதில்: 22 பல்புகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர் ஒரேயொரு பல்பைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லையா? மாற்று ஹோல்டர் கிடைக்கும், வாங்கி மாட்டுங்கள்.

நானும் யோக்கியனல்ல. 2021இல் ஒன்பது ஸ்மார்ட் பல்புகள் வாங்கினேன். மாமியார் வழக்கம்போலச் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பார். அதோடு பல்பின் கெட்டித்தனம் முடிந்தது. மறுவருடம் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில், நள்ளிரவு தாண்டி கரண்ட் வந்தவுடன் ஒன்பதும் முழு வெளிச்சத்தில் ஒரேயடியாக எரிந்து வீட்டையே எழுப்பின. மின்சாரம் திரும்பும்போது அணைந்தே இருக்குமாறு அமைக்கும் வசதி அந்த மலிவு வகையில் இல்லை. உங்களுடையதில் உண்டா என்று செயலியில் பாருங்கள்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு வீட்டைத் திருத்தினேன். லைட் சிஸ்டம் போட்ட தம்பி தன்னுடைய கணக்கிலேயே எல்லாவற்றையும் பதிந்துவிட்டுப் போய்விட்டார். இப்போது போனை எடுப்பதில்லை. என் போனில் சேர்க்க முடியவில்லை. தந்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அதில் இருக்கிறது. இரண்டு மாதமாகிறது.
– கம்பளை

பதில்: அம்மா, உங்கள் மீது தவறில்லை. வீட்டு விளக்கின் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவரைத்தான் கேட்க வேண்டும். அந்த வாசகத்தைக் கண்டு பயப்படாதீர்கள்; வாங்குபவரை மடக்க அப்படி எழுதிவைப்பதை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை தடைசெய்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு எஞ்சியிருப்பது ஒரு மாதம். வழி கேட்க அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது கண்டி மாவட்டச் செயலகத்திலுள்ள அவர்களது அலுவலகத்துக்குப் போங்கள். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, அவருக்கு அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் பிரதியெடுத்துக் கொண்டுசெல்லுங்கள்.

இதற்கிடையில், கருவியிலுள்ள சிறிய பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பல வகைகள் பழைய கணக்கை மறந்துவிடும். சில மறக்காது, அவற்றை அவரே விடுவிக்க வேண்டும் என்பதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். விபரம் தெரிந்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், மறுபடியும் காசு கொடுத்து ஆள் பிடிக்காதீர்கள்.

கேள்வி: ஏழு பேர்ச் காணியில் புது வீடு. மூன்று அறை, ஒரு விறாந்தை. படுக்கையிலிருந்தே விறாந்தை லைட்டை அணைக்க எந்த சிஸ்டம் நல்லது?
– தலவாக்கலை

பதில்: டூ-வே சுவிட்ச். கதவருகே ஒன்று, கட்டிலருகே ஒன்று.