நோக்கியாவின் தேர்வு

கேள்வி: நோக்கியா, விண்டோஸுக்குப் பதிலாக ஆண்ட்ராய்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் பிழைத்திருக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆண்ட்ராய்டை ஏற்றால் பலருள் ஒருவராகிவிடுவோம் என்று நோக்கியா அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆனால், 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்துக்கு மாறுவதாக அறிவித்தபோது, அதில் இயங்கும் முதல் லூமியா கைப்பேசி கடைக்கு வரப் பல மாதங்கள் இருந்த நிலையில், தான் விற்றுக்கொண்டிருந்த கைப்பேசிகளின் இயங்குதளமான சிம்பியனுக்கு எதிர்காலமில்லை என்று தானே உணர்த்திவிட்டதுதான் பெரும்பிழை என்பேன். அதே ஆண்டு வெளிவந்த மீகோ என்ற வேறோர் இயங்குதளம் கொண்ட நோக்கியா கைப்பேசியான என்9-இன் முகப்பில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்தாலே செயலி விலகிவிடும். அத்தனை நேர்த்தியான வேலைப்பாடு தொடராமல் நின்றுபோனது இன்றும் வருத்தம் தருகிறது. 2014-இல் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட்டிடம் சென்றது. வரி வழக்கில் சிக்கியதால் அந்த விற்பனையில் சேராத ஸ்ரீபெரும்புதூர் ஆலை, அவ்வாண்டு நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது.