சர்வீஸ் ஓடுகிறது, ஆனால் அலாரம் வரவில்லை: கான்ஃபிக் ஃபைலில் எங்கே பார்ப்பது?

கேள்வி: சார், திருப்பூரில் ஒரு சாய ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறேன். பாய்லர், சாய மெஷின்கள், ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) எல்லாம் சேர்த்து 600 டேக் (ஒவ்வொரு அளவீட்டுக்கும் சிக்னலுக்கும் வைத்த பெயர்) வரை பிஎல்சியிலிருந்து (மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலர்) ஓபிசி யூஏ (டேட்டா பரிமாற்ற முறை) வழியாக ஒரு லினக்ஸ் பெட்டிக்கு வருகிறது. அதில் ஓடும் அலாரம் சர்வீஸ் எங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. செட்டிங் எல்லாம் ஒரே யாம்ல் (செட்டிங்குகளை எழுதும் ஒரு டெக்ஸ்ட் வடிவம்) ஃபைலில் இருக்கிறது. நைட் ஷிப்டில் மட்டும் 300 எஸ்எம்எஸ் வருவதால் எல்லோரும் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டார்கள். இதற்கு நடுவில் போன வாரம் ஈக்வலைசேஷன் டேங்க் (கழிவுநீரை முதலில் சேர்த்துக் கலக்கும் தொட்டி) நிரம்பி வழிந்தபோது ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லை. போய்ப் பார்த்தால் சர்வீஸ் ரன்னிங் என்றுதான் காட்டியது. ஃபைலில் எதை மாற்ற வேண்டும்?

பதில்:

இதில் இரண்டு பிரச்சினை இருக்கிறது. தேவையில்லாதது வந்து குவிகிறது, தேவையானது வரவில்லை. தூக்கம் கெடுவது முதலாவதால் என்பதால் எல்லோரும் அதில்தான் கை வைப்பார்கள். நீங்கள் இரண்டாவதை முதலில் எடுங்கள். உங்கள் ஊரில் சாயக்கழிவு வழிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன காலத்தை உங்கள் ஆலையில் மூத்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ரன்னிங் என்று காட்டினால் அந்தப் புரோகிராம் இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். அதற்கு டேட்டா வருகிறதா, வந்ததைச் செட்பாயின்ட்டோடு, அதாவது அலாரத்துக்கு வைத்த எல்லையோடு, ஒப்பிடுகிறதா, எஸ்எம்எஸ் வெளியே போகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இல்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் மதியம் 2.14க்கு அலாரம் புரோகிராம் உள்ளுக்குள் சிக்கி நின்றுவிட்டது. அது நின்றுவிட்டது என்று சொல்ல வேறு அலாரம் எதுவும் இல்லை. 345 கிலோவோல்ட் லைன்கள் மரக்கிளையில் பட்டு ஒவ்வொன்றாக ட்ரிப் ஆகிக்கொண்டிருக்க, அலாரம் எதுவும் அடிக்காததால் ஆபரேட்டர்கள் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாலை 4.10 வாக்கில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒன்டாரியோவும் இருட்டாகிவிட்டன, ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அலாரம் சர்வீஸின் கான்ஃபிக் ஃபைலை யார் கொண்டுவந்து காட்டினாலும் நான் முதலில் தேடுவது, எதுவும் தெரியாத நேரத்தில் இந்த சர்வீஸ் என்ன செய்யும் என்று சொல்லும் வரிகளைத்தான்.

மென்பொருளுக்கு மென்பொருள் அந்த வரிகளின் பெயர் மாறும், ஆனால் எதிலும் இருக்கும். உங்கள் ஃபைலில் டேட்டாவின் தரம் கெட்டால், அதாவது ஓபிசி யூஏ ‘பேட்’ என்று அனுப்பினால் என்ன செய்வது என்று ஒரு செட்டிங் இருக்கும். பலர் அதை ‘கடைசி மதிப்பை வைத்துக்கொள்’ என்று போட்டிருப்பார்கள், ஏனென்றால் கமிஷனிங் (புதிதாக நிறுவி ஓட்டிப் பார்க்கும்) நேரத்தில் கேபிள் ஆடும்போதெல்லாம் அலாரம் வந்து தொந்தரவு செய்திருக்கும். கமிஷனிங் முடிந்ததும் யாரும் திருப்பி மாற்றுவதில்லை. டேங்க் 62 சதவீதம் இருக்கும்போது தொடர்பு அறுந்தால், அது வழிந்து ரோட்டுக்கு வந்த பிறகும் சர்வீஸின் கண்ணுக்கு 62தான். இதை மாற்றி, பேட் அல்லது அன்சர்ட்டன் (நிச்சயமில்லை) 30 விநாடி தொடர்ந்தால் அதுவே ஓர் அலாரம் என்று வையுங்கள். 600 டேக்குக்கும் 600 அலாரம் வேண்டாம், பிஎல்சிக்கு ஒன்று போதும்.

அடுத்தது ஓபிசி யூஏ சப்ஸ்கிரிப்ஷன், அதாவது ‘இந்த டேக்குகளை எனக்கு அனுப்பு’ என்று டேட்டா தரும் சர்வரிடம் உங்கள் பெட்டி போட்டுவைக்கும் சந்தா. உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அதிகம் இங்கேதான். சப்ஸ்கிரிப்ஷனில் மதிப்பு மாறினால் மட்டும்தான் சர்வர் செய்தி அனுப்பும், மாறாவிட்டால் குறிப்பிட்ட இடைவெளியில் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு கீப்அலைவ் மட்டும் வரும். பப்ளிஷிங் இன்டர்வல் 1000 மில்லி விநாடி, கீப்அலைவ் கவுண்ட் 10 என்றால் பத்து விநாடிக்கு ஒருமுறை. லைஃப்டைம் கவுண்ட் இதைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும், ஆக 30. அந்த 30 விநாடியும் உங்கள் பெட்டியிடமிருந்து சர்வருக்கு எதுவும் வராவிட்டால் சர்வர் அந்தச் சப்ஸ்கிரிப்ஷனையே அழித்துவிடும். நெட்வொர்க் ஸ்விட்ச் ஒருமுறை ஆஃப் ஆகி ஆன் ஆனாலே 30 விநாடி தாண்டிவிடும். பிறகு தொடர்பு திரும்பும், செஷனும் திறக்கும், கனெக்டட் என்று லாக்கில் வரும், ஆனால் சப்ஸ்கிரிப்ஷனைப் புதிதாகப் போடாத மென்பொருளாக இருந்தால் அதற்குப் பிறகு ஒரு மதிப்பும் வராது. டேங்க் வழிந்த இரவின் லாக்கை எடுத்து, ரீகனெக்ட் என்று எங்காவது இருக்கிறதா, அதற்குப் பின் டேட்டா வந்த தடயம் இருக்கிறதா என்று பாருங்கள். லைஃப்டைமை 120க்கு ஏற்றுங்கள். அதைவிட முக்கியம், 30 விநாடி கீப்அலைவும் வராவிட்டால் சப்ஸ்கிரிப்ஷனைப் புதிதாகப் போடு என்ற செட்டிங் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். அது இல்லாத மென்பொருள் என்றால் விற்றவரிடம் கேளுங்கள், விடாதீர்கள்.

சென்சர் பக்கமும் ஒரு பள்ளம் உண்டு. 4-20 மில்லியாம்ப் லூப்பில் (4 என்றால் 0 சதவீதம், 20 என்றால் 100) ஒயர் அறுந்தால் 0 மில்லியாம்ப், கணக்குப்படி மைனஸ் 25 சதவீதம். பல பிஎல்சி புரோகிராம்களில் இதை 0 என்று வெட்டிவிடுவார்கள். அப்போது நிரம்பிக்கொண்டிருக்கும் டேங்க் காலியாக இருப்பதுபோல் தெரியும். நாமூர் என்ற தொழிற்துறை அமைப்பின் என்ஈ 43 பரிந்துரைப்படி 3.6 மில்லியாம்ப்புக்குக் கீழேயும் 21க்கு மேலேயும் வருவது அளவே இல்லை, பழுது. வெட்டப்படாத அந்த மூல மதிப்பை ஒரு டேக்காக எடுத்து அதற்கு ஓர் அலாரம் போடுங்கள். அப்புறம் உறைந்த மதிப்பு. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் 2005 டிசம்பர் 11 அன்று 912ஆம் எண் பெட்ரோல் டேங்க்கின் லெவல் கேஜ் அதிகாலை 3 மணி வாக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. உள்ளே பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது, தனியாக வைத்திருந்த ஹை லெவல் ஸ்விட்சும் வேலை செய்யவில்லை, 5.37 வாக்கில் வழிய ஆரம்பித்து 6.01க்கு வெடித்தது. அந்த கேஜ் அதற்கு முந்தைய மூன்றரை மாதத்தில் 14 தடவை இப்படி நின்றிருந்தது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே தள்ளும் பம்ப் ஓடுகிறது, ஆனால் லெவல் 20 நிமிடமாக 0.2 சதவீதம்கூட அசையவில்லை என்றால் அலாரம். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்கும் நேரத்தில் இது சில தடவை பொய்யாக அடிக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, சர்வீஸ் தொடங்கும்போது ‘ஆரம்ப நிலை நார்மல்’ என்று எடுத்துக்கொள்ளும் செட்டிங். லெவல் ஏற்கனவே 90ஐத் தாண்டி நிற்கும்போது யாராவது சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால், அது கோட்டைத் தாண்டும் கணத்துக்காகக் காத்திருக்கும். அந்தக் கணம்தான் போய்விட்டதே. தொடங்கியதும் எல்லா டேக்கையும் ஒருமுறை செட்பாயின்ட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

சரி, இப்போது யாம்ல். இந்த வடிவம் படிக்கச் சுலபம், ஆனால் இடறிவிட ஆயத்தமாக இருக்கும். பழைய 1.1 பதிப்பைப் பின்பற்றும் லைப்ரரிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் நார்மலி ஓப்பன் (சாதாரண நிலையில் திறந்திருக்கும் காண்டாக்ட்) என்பதற்கு நாம் போடும் ‘என்ஓ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்து, மேற்கோள் குறி இல்லாவிட்டால், ‘நோ’ என்று படிக்கப்பட்டு ஃபால்ஸ் ஆகிவிடும். நார்மலி குளோஸ்டுக்கான ‘என்சி’ மட்டும் ஒழுங்காக எழுத்தாகவே இருக்கும். ஷிப்ட் நேரம் இன்னும் மோசம். 22:00 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் அறுபதின் கணக்கில் 1320 என்ற எண்ணாகிவிடும், 06:00 மட்டும் பூஜ்யத்தில் தொடங்குவதால் எழுத்தாகவே நிற்கும். ராத்திரி ஷிப்டில் மட்டும் எஸ்எம்எஸ் யாருக்கும் போகவில்லை அல்லது எல்லோருக்கும் போகிறது என்றால் இதைப் பாருங்கள். நேரம், காண்டாக்ட் வகை (என்ஓ, என்சி), போன் நம்பர், இவை எல்லாவற்றுக்கும் மேற்கோள் போடுங்கள். நீங்கள் திருத்தும் ஃபைலைத்தான் சர்வீஸ் படிக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். பழைய காப்பி ஒன்று வேறு ஃபோல்டரில் இருந்துகொண்டு அதையே சர்வீஸ் படித்துக்கொண்டிருந்ததால் நானே ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன்.

இனி 300 எஸ்எம்எஸ். எட்டு மணி நேரத்தில் 300 என்றால் பத்து நிமிடத்துக்கு ஆறு. அலாரம் மேலாண்மைக்கான ஐஎஸ்ஏ 18.2 தரம் ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவைச் சொல்கிறது, இரண்டு என்பதே சமாளிக்கக்கூடிய உச்சம். வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24 அன்று வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்தது. அதில் எது முக்கியம் என்று எந்த மனிதனால் பொறுக்கி எடுக்க முடியும்? உங்கள் ஆட்கள் போனை சைலன்ட்டில் போட்டதற்காக அவர்களைத் திட்டாதீர்கள்.

ஒரு வாரத்து லாக்கை எடுத்து டேக் வாரியாக எண்ணுங்கள். நான் பார்த்த ஆலைகளில் எல்லாம் பத்துப் பன்னிரண்டு டேக்தான் பாதிக்கு மேல் சத்தம் போட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செட்பாயின்ட்டின் மேல் நின்று ஆடுபவை, அதற்கு டெட்பேண்டும் (அலாரம் விலக மதிப்பு எல்லையிலிருந்து எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது) டிலேயும் (எவ்வளவு நேரம் நீடித்தால் அலாரம் என்பது) மருந்து. ஈஈஎம்யூஏ 191 என்ற அலாரம் வழிகாட்டி ஆரம்ப மதிப்புகளைத் தருகிறது: லெவலுக்கும் ஃப்ளோவுக்கும் 5 சதவீத டெட்பேண்ட், பிரஷருக்கு 2, டெம்பரேச்சருக்கு 1; டிலே லெவலுக்கும் டெம்பரேச்சருக்கும் 60 விநாடி, ஃப்ளோவுக்கும் பிரஷருக்கும் 15. இதை அப்படியே எல்லா டேக்குக்கும் ஒட்டாமல், ஒவ்வொரு முக்கிய டேக்குக்கும் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். 600 கன மீட்டர் டேங்க், மணிக்கு 60 கன மீட்டர் வருகிறது, 95 சதவீதத்தில் அலாரம் என்றால் மிச்சம் 30 கன மீட்டர், அரை மணி நேரம். அதில் ஒரு நிமிட டிலே ஒன்றும் செய்யாது. ஆனால் ஈடிபி ஆபரேட்டர் வந்து வால்வைத் திருப்ப 20 நிமிடம் ஆகுமென்றால் கையில் மிஞ்சுவது பத்து நிமிடம்தான், 95 ரொம்பத் தாமதம், 85க்கு இறக்குங்கள், ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பாய்லர் தண்ணீர் லெவலுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அதன் லோ ட்ரிப் (தண்ணீர் குறைந்தால் பாய்லரை நிறுத்துவது) தனி ஸ்விட்சில், ஒயரிலேயே இருக்க வேண்டும், இந்த சர்வீஸை நம்பி இருக்கக் கூடாது.

பம்ப் ஆஃப் ஆனால் லோ ஃப்ளோ வரத்தான் செய்யும், அதை அலாரமாக அனுப்பாதீர்கள். பம்பின் ரன் சிக்னலை நிபந்தனையாகக் கட்டுங்கள். பழுதான சென்சரை மியூட் செய்ய விட்டால், ஷிப்ட் முடிந்ததும் மியூட் தானாக விலகும்படி காலக்கெடு வையுங்கள், இல்லாவிட்டால் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். எஸ்எம்எஸ் என்பது முதல் தர அலாரத்துக்கு மட்டும். மொத்தத்தில் அது 5 சதவீதம் இருந்தால் போதும், மற்றவை திரையில் வரட்டும். ஐந்து நிமிடத்தில் யாரும் அக்னாலெட்ஜ் செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போகட்டும்.

எஸ்எம்எஸ்ஸிலும் ஒரு விஷயம். நம் நாட்டில் டிஎல்டியில் (நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கான பதிவு முறை) பதிவு செய்த டெம்ப்ளேட்டோடு வாசகம் ஒத்துப்போகாவிட்டால் வழியிலேயே நின்றுவிடும், ஆனால் சர்வீஸ் லாக்கில் ‘அனுப்பியாயிற்று’ என்றுதான் இருக்கும். கேட்வேயின் டெலிவரி ரிப்போர்ட்டைப் படிக்கும் செட்டிங்கை ஆன் செய்யுங்கள். யாராவது வாசகத்தில் ஒரு வார்த்தையைத் திருத்தினார்களா என்றும் விசாரியுங்கள், உங்கள் டேங்க் அலாரம் இங்கேயும் சிக்கியிருக்கலாம். தமிழில் அனுப்புவதாக இருந்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிதான், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும், அதனால் டேக் பெயரை விட்டுவிட்டு ‘ஈக்வலைசேஷன் டேங்க் 86%, இன்லெட் வால்வை மூடு’ என்ற அளவில் சுருக்குங்கள். ராத்திரி 3 மணிக்கு எழுந்து படிப்பவருக்கு அதுதான் உதவும்.

கடைசியாக, கட்டாயம் செய்ய வேண்டியது. பிஎல்சியில் விநாடிக்கு ஒன்று ஏறும் ஒரு கவுண்டரை வையுங்கள், அது 10 விநாடி ஏறாவிட்டால் சர்வீஸ் அலாரம் அடிக்கட்டும். திருப்பியும் ஒன்று வேண்டும்: சர்வீஸ் 5 விநாடிக்கு ஒருமுறை பிஎல்சியில் ஒரு பிட்டை மாற்றட்டும், 30 விநாடி மாறாவிட்டால் பிஎல்சி தன் ரிலே வழியாகக் கன்ட்ரோல் ரூமில் ஹூட்டரை அடிக்கட்டும். அந்த பிட்டை எழுதும் வேலை அலாரத்தைச் சோதிக்கும் அதே லூப்பில் இருக்க வேண்டும், தனி த்ரெட்டில் (பக்கத்தில் தனியாக ஓடும் வேலை) போட்டால் லூப் செத்த பிறகும் பிட் ஆடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் வாட்ச்டாக் (சிக்னல் வராவிட்டால் சர்வீஸ் சிக்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளும்) செட்டிங்கையும் போடலாம், ஆனால் புரோகிராம் தானாக அதற்குச் சிக்னல் அனுப்பும்படி எழுதப்பட்டிருந்தால்தான் அது பயன்படும்.

மாற்றியதும் பகல் ஷிப்டில், ஈடிபி ஆபரேட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று சோதனை செய்யுங்கள். லெவல் ட்ரான்ஸ்மிட்டரின் ஒயரைக் கழற்றுங்கள். பிறகு பிஎல்சியின் நெட்வொர்க் கேபிளை இரண்டு நிமிடம் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகி, அதன்பின் லெவல் மதிப்பு மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு சர்வீஸைக் கொல்லாமல் ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறைய வையுங்கள், அப்போதும் அது ரன்னிங் என்றுதான் காட்டும், அரை நிமிடத்தில் ஹூட்டர் அடிக்க வேண்டும். கழற்றும் முன் அந்த லூப்பில் இன்டர்லாக் (மெஷினைத் தானாக நிறுத்தும் இணைப்பு) எதுவும் தொங்கவில்லை என்று டிராயிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் எது அடிக்கவில்லை என்று அந்த நேரத்து லாக்கோடு எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.