கரன்ட் போனால் ரேடியோவுக்கு எது துணை?

வாசகர் கேள்வி – பதில்

புயல் மாதங்கள் நெருங்குகின்றன. ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தமக்குள் பேசும் வானொலி) வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பேட்டரியைப் பற்றித்தான்.

வேதாரண்யம் வாசகர்: வீட்டில் 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் (லெட் ஆசிட் வகை) பேட்டரியும் இருக்கின்றன. 100 வாட் எச்எஃப் ரிக்கின் (பேசவும் கேட்கவும் உதவும் சிற்றலை ரேடியோ பெட்டியின்) பவர் சப்ளையை இன்வெர்ட்டர் பிளக்கில் செருகினால் போதாதா? தனி பேட்டரி எதற்கு?

ஓடும், ஆனால் பாதி சக்தி வழியிலேயே கரையும். 12 வோல்ட்டை 230-க்கு ஏற்றி, மறுபடி 13.8-க்கு இறக்குகிறீர்கள். இரண்டு இடத்திலும் 15 முதல் 20 சதவீதம் சூடாகப் போய்விடும். முழு 100 வாட்டில் பேசும்போது ரிக் சுமார் 22 ஆம்பியர் இழுக்கும். 300 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இந்தச் சுற்றுவழியில் கொடுக்க பேட்டரி 35 முதல் 39 ஆம்பியர் வரை தர வேண்டும். நேராக இணைத்தால் 22-ஓடு முடிந்தது. பாதி என்றது கொஞ்சம் மிகைதான், ஆனால் மூன்றில் ஒரு பங்கு நிச்சயம். அதோடு இரைச்சல் வேறு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும் வீட்டில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) தூரத்து நிலையத்தைக் கேட்பது கடினம். சைன் வேவ் மேல். ஆனால் முழு அமைதி கிடையாது.

தனி பேட்டரி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், வீட்டுச் சுமை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் இரண்டுக்கு 60 வாட், நான்கு எல்இடி பல்பு 36, வைஃபை ரூட்டர் 10 என்றால் 106 வாட். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 11 ஆம்பியர். பேட்டரி நாள்பட உழைக்க வேண்டுமானால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆகவே ஆறு, ஏழு மணி நேரம்தான். அதே ஃபேன்கள் பழைய 75 வாட் ரகமாக இருந்தால் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. பெரிய பேட்டரிக்குப் பணம் போடுமுன் ஃபேனை மாற்றுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறியபின் உங்கள் பகுதியில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டு பேட்டரி முதல் இரவே காலியாகும். ரேடியோவுக்கான பேட்டரியில் வீட்டார் யாரும் கை வைக்கக் கூடாது. அலைபேசி சார்ஜ் போடக்கூட!

தஞ்சாவூர் வாசகர்: தனி பேட்டரி வைத்துவிட்டேன். கேட்கும்போது எல்லாம் சரி. மைக்கின் பேசும் பொத்தானை (பிடிடி) அழுத்திப் பேசத் தொடங்கியதும் ரிக் அணைந்து மறுபடி எரிகிறது. பேட்டரி புதிது. அது 5 மீட்டர் தள்ளி இருக்கிறது, 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டிருக்கிறேன்.

பேட்டரி மேல் பழி போடாதீர்கள், வயர்தான் குற்றவாளி. பெரும்பாலான ரிக்குகள் 13.8 வோல்ட்டுக்கு 15 சதவீதம் கூடவோ குறையவோ தாங்கும். கீழ் எல்லை ஏறக்குறைய 11.7 வோல்ட். போக 5, வர 5 என்று மின்னோட்டத்துக்கு 10 மீட்டர் வயர். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் 10 மீட்டருக்கு 0.08 ஓம். 20 ஆம்பியர் ஓடினால் 1.6 வோல்ட் அங்கேயே விழும். லெட் ஆசிட் பேட்டரி சுமையில் 12.2 காட்டினாலும் ரிக்குக்குப் போய்ச் சேர்வது 10.6. அணையாமல் என்ன செய்யும்?

முதலில் பேட்டரியை நகர்த்துங்கள். தூரத்தை 2 மீட்டராக்கி, 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். நகர்த்தவே முடியாதென்றால் 10 ஸ்கொயர் எம்எம், அப்போதும் 0.4 வோல்ட் போகும். முனைகளை முறுக்கி டேப் சுற்றாமல் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) வைத்து கிரிம்ப் செய்யுங்கள், அதாவது நசுக்கி இறுக்குங்கள். பாசிட்டிவ் வயரில், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 30 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். ரிக்கோடு வரும் பியூஸ் ரிக்கைத்தான் காக்கும். நடுவழியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் வீட்டைக் காப்பது இந்த பியூஸ். சோதிக்கும்போது மீட்டரை பேட்டரியில் வைக்காதீர்கள்; ரிக்கின் பின்பக்க சாக்கெட்டில் வைத்து, பேசும்போது பாருங்கள்.

கடலூர் வாசகி: டியூபுலரா, லித்தியமா? எத்தனை ஏஎச் வாங்க வேண்டும்?

வீட்டுக்கு டியூபுலர் போதும். ரேடியோவுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 40 ஏஎச் பேட்டரி ஐந்தாறு கிலோதான் இருக்கும். வெள்ளம் ஏறினால் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகலாம். கொள்ளளவில் 80 முதல் 90 சதவீதம் தீரும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், அதனால் ரிக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

அளவைக் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கும்போது 1 ஆம்பியர். எஸ்எஸ்பி-யில் (சிற்றலையில் குரலை அனுப்பும் முறை) பேசும்போது உச்சம் 20-ஐத் தொட்டாலும் பேச்சின் இடைவெளிகளால் சராசரி 10 ஆம்பியர் அளவில் நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசி, மீதி நேரம் கேட்டால் மணிக்குச் சராசரி 2.8 ஆம்பியர், 12 மணி நேரத்துக்கு 34 ஏஎச். எனவே 40. பவரை 25 வாட்டாகக் குறைத்தால் எதிர்முனையில் ஒரே ஒரு எஸ் யூனிட்தான் (சிக்னல் வலிமையை அளக்கும் படி) குறையும். பேசும்போது இழுக்கும் மின்னோட்டமோ ஏறக்குறையப் பாதியாகும். அதே பேட்டரி அப்போது 20 மணி நேரத்துக்குமேல் வரும். அவசரகாலத்தில் நூறு வாட்டைப் பிடித்துத் தொங்குபவர்களைப் பார்த்தால் எங்களுக்குப் பொறுமை போய்விடுகிறது.

விலை குறைவான பேக்குகளில் ஒரு பொறி உண்டு. உள்ளிருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்று கேளுங்கள். 15 அல்லது 20 ஆம்பியர் பிஎம்எஸ் இருந்தால் வாக்கியத்தின் நடுவில் பேட்டரி தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். சார்ஜரும் லித்தியத்துக்கான 14.6 வோல்ட் சார்ஜராக இருக்கட்டும். வோல்ட் மீட்டரைப் பார்த்து மீதம் எவ்வளவு என்று இதில் சொல்ல முடியாது. ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்த ஏஎச் மீட்டர் ஒன்று மாட்டிவிடுங்கள். சாதாரண நாட்களில் பாதிக்குச் சற்று மேல் சார்ஜில் வைத்திருந்து, புயல் எச்சரிக்கை வந்ததும் முழுதாக ஏற்றலாம். வெயில் காயும் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள்.

சென்னை வாசகர்: 100 வாட் சோலார் பேனல் போதுமா? எம்பிபிடி கண்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரியை ஏற்றும் கருவி) வைத்ததிலிருந்து 7 மெகாஹெர்ட்ஸில் ஒரே இரைச்சல்.

நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 25 ஏஎச் சுற்றி வரும். 25 வாட்டில் பேசினால் அது அன்றைய செலவுக்கு ஈடாகும். மேகம் மூடிய நாளில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். புயலுக்கு முன் பேனலைக் கழற்றி உள்ளே வைத்து, காற்று அடங்கியதும் மொட்டை மாடியில் சாய்த்து வையுங்கள். இணைக்கும்போது கண்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.

இரைச்சல் கண்ட்ரோலரிலிருந்துதானா என்று அறிய, காலியான அலைவரிசையில் கேட்டுக்கொண்டே பேனல் வயரைக் கழற்றுங்கள். சத்தம் விழுந்தால் அதுதான். பேனல் வயர், பேட்டரி வயர் இரண்டையும் 31 மிக்ஸ் ரக ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள்) வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். வயரில் ஒரு தடவை கவ்வவிடும் ஃபெரைட் கிளிப் 7 மெகாஹெர்ட்ஸில் அநேகமாக ஒன்றும் செய்யாது. செலவே இல்லாத வழி, பேசும் நேரத்தில் பேனலைத் துண்டித்து வைப்பது.

பட்டுக்கோட்டை வாசகர்: சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி, இரு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டு சாக்கெட்டில் கொடுக்கலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன்.

அவரை மாற்றுங்கள். அந்த மின்சாரம் ஈபி லைனுக்குத் திரும்பி, டிரான்ஸ்பார்மரில் உயர் அழுத்தமாக ஏறி, கம்பத்தில் இருக்கும் லைன்மேனைக் கொல்லும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். ஜெனரேட்டரைக் கதவு, ஜன்னல்களிலிருந்து 6 மீட்டராவது தள்ளித் திறந்தவெளியில் வையுங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் வைப்பதெல்லாம் தற்கொலை.

நாள் முழுக்க ஓட்டாமல், பேட்டரி ஏற்ற மட்டும் பயன்படுத்தினால் பெட்ரோல் மிஞ்சும். 150 ஏஎச் டியூபுலர் 15 ஆம்பியரில்தான் ஏறும், நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 40 ஏஎச் லித்தியத்தை 20 ஆம்பியர் சார்ஜரில் இரண்டு மணி நேரம் சொச்சத்தில் முடித்துவிடலாம். உங்கள் பேட்டரி அந்த வேகத்தை ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கார்புரேட்டரை வடித்து வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஆறு மாதம் உள்ளே கிடந்தால் ஜெட் எனும் நுண்துளை அடைத்து, தேவைப்படும் நாளில் ஸ்டார்ட் ஆகாது.

நாகர்கோவில் வாசகர்: கார் பேட்டரி?

தற்காலிகத்துக்கு மட்டும். ஸ்டார்ட்டருக்காகச் செய்த மெல்லிய தகடுகள். சில தடவை முழுதாக வற்றினாலே தீர்ந்தது. சிகரெட் லைட்டர் சாக்கெட் 22 ஆம்பியர் தாங்காது. நேராக பேட்டரி முனையிலிருந்து, பியூஸோடு எடுங்கள். கேட்பதற்கு எஞ்சின் வேண்டாம். அதிக நேரம் பேசுவதானால் காரை வெளியே நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம்.